ஒரு இஞ்ச் பைப்பில் பன்னிரண்டு ஒயர்

நெரெய்தா என்னைக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிச்சோவின் மளிகைக்கடை வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேலே மொட்டைமாடியிலிருந்து தலையை நீட்டி, "மேஸ்திரி, குடிச்சு முடிச்சதும் மேல வாங்க. ரெண்டே ரெண்டு ஒயர் இழுக்கணும்" என்றாள். முப்பத்திரண்டு வருடமாக எங்கள் தீவின் இந்த சான்டியாகோவில் ஒயர் இழுக்கிறேன். ரெண்டே ரெண்டு என்று ஆரம்பித்த வேலை எதுவும் அன்றைக்கே முடிந்ததில்லை.

அந்தக் கட்டடத்தில் கீழே சிச்சோவின் கடை. அதற்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு ஒரு வீடு. அதற்கும் மேலே மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில்தான் நெரெய்தாவும் அவள் புருஷன் ஃபவுஸ்டோவும் வாடகைக்கு இருந்தார்கள். ஏறி முடிப்பதற்குள் என் முழங்கால்கள் இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டன. ஆகஸ்ட் மாதம் வேறு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஃபவுஸ்டோ கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வருடம் ஷேர் கார் ஓட்டியவன். நாலு பேர் உட்காருகிற காரில் முன்னால் இரண்டு, பின்னால் நாலு என்று ஆறு பேரை அடைத்து, ஊரெல்லாம் சுற்றியவன். அந்தப் புகையும் அவன் பிடித்த சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. இப்போது மூக்கில் குழாய். காலடியில் ஒரு மெஷின் உறுமிக்கொண்டு, அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அது கரண்டில் ஓடுகிற மெஷின். எங்கள் பேட்டையில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் ஆறு மணிக்குத்தான் வரும்.

"போனா சிலிண்டரை மாட்டுவேன்" என்றாள் நெரெய்தா. "அது ரெண்டு மணி நேரம் வரும்."

"மிச்ச ரெண்டு மணி நேரம்?"

"பேசாம உக்காந்திருப்பாரு. நான் அட்டையால விசிறுவேன். நேத்து உதடு நீலமாயிடுச்சு மேஸ்திரி."

ஃபவுஸ்டோ கையை ஆட்டினான், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல. அவன் என்னோடு டாமினோ ஆடிய காலத்தில் ஒரு ஆட்டத்துக்குள் நூறு கெட்ட வார்த்தை பேசுவான். இப்போது ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்கிறான். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்பெயினில் வீட்டுவேலை செய்கிற மகள் உதவியில் ஒரு செகண்ட்ஹேண்ட் இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வாங்கி வைத்திருந்தார்கள். அவை கீழே, படிக்கட்டுக்கு அடியில் எல்லாருடைய இன்வெர்ட்டரும் இருக்கிற கம்பிக்கூண்டில் இருந்தன. அறையிலேயே வைக்க முடியாது. பேட்டரியிலிருந்து வாயு வரும், அறையிலே ஆக்ஸிஜன், ஒரு பொறி போதும். அதனால் கூண்டிலிருந்து மொட்டைமாடி வரை இரண்டு ஒயர் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கீழே இறங்கிப் போய், கூண்டுக்குப் பக்கத்தில் சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டியின் நாலு திருகையும் கழற்றினேன். மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் கறுப்பு மையில் என் கையெழுத்து: "6. இன்னும் 3-க்கு இடம் உண்டு. எராஸ்மோ."

பதினாலு வருடத்துக்கு முன்னால் எழுதியது. மை கொஞ்சம்கூட மங்கவில்லை.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து காங்கிரீட்டுக்குள் மேலே ஏறுகிறது ஒரே ஒரு பைப், ஒரு இஞ்ச் பைப். அதற்குள் நான் இழுத்தது ஆறு ஒயர் இல்லை, பன்னிரண்டு. வீட்டுக்கு நாலு. ஏசிக்கும் வெந்நீருக்கும் தெருக் கரண்ட் கொண்டுபோக இரண்டு, விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு. பன்னிரண்டை ஆறு என்று எழுதியதற்கு எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது. கரண்ட் இருந்தால் இன்வெர்ட்டர் ஒயர் தூங்குகிறது. கரண்ட் போனால் தெரு ஒயர் தூங்குகிறது. எப்போதும் பாதி ஒயர் தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிற ஒயரை எதற்கு எண்ண வேண்டும்? விழித்திருப்பது ஆறு, பைப் தாங்குவது ஒன்பது, ஆகவே இன்னும் மூன்றுக்கு இடம். தினமும் கரண்ட் போகிற ஊரில்தான் இப்படி ஒரு கணக்கு பிறக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்றுகூட ஞாபகமில்லை. ஊரே இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. என் மகள் வயதில் ஒரு இன்ஜினியர் பெண் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். இந்த வட்டம் பைப்பின் வாய், இதை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஒயரோ அதற்கு மேலோ போனால் நாற்பது பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது என்றாள். மிச்சம் அறுபது எதற்கு என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். இழுக்கும்போது தோல் உரியாமல் இருக்க, சூடு போக என்றாள். தூங்குகிற ஒயரும் உடம்பை வைத்துக்கொண்டுதானே தூங்குகிறது என்றும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டில் கணக்குப் போட்டேன். எட்டாம் நம்பர் தடிமன் ஒயர் ஒன்பது போட்டால் ஏறக்குறைய நாற்பது பங்கு. பன்னிரண்டு போட்டால் ஐம்பத்து மூன்று. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பழைய இன்வெர்ட்டருக்குக் கையால் திருப்புகிற விசை இருந்தது. புதிய இன்வெர்ட்டர் தெருக் கரண்டையும் தன் வழியாகவே அனுப்புகிறது. அந்த ஒயர்களுக்கு இப்போது தூக்கமே கிடையாது.

நோட்டை மூடினேன். வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து புதிய வேலையெல்லாம் சரியாகச் செய்தேன். பழைய மூடிகளைத் திறக்கவில்லை.

இப்போது திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடி டோன்யா ஒனெய்டா; டோன்யா என்பது எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். கட்டடச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவளுக்குத் தெரியாமல் அந்தப் படிக்கட்டில் எறும்புகூட ஏற முடியாது.

"என்ன மேஸ்திரி, மூடியைப் பாத்து செபம் பண்றீங்களா?"

"இடம் இல்ல டோன்யா."

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூடியைப் படித்தாள். "மூணுக்கு இடம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அவளுக்கு வேணுங்கறது ரெண்டு. எனக்கு அந்த அளவுக்குக் கணக்கு வரும்."

"சூட்டுல ஒயர் உப்பிடுச்சு" என்றேன். ஐம்பத்தொன்பது வயதில், வாய் கூசாமல் சொன்னேன்.

"என்ன, ஒயரும் மாசமா இருக்கா? ஒரு கட்டி மஞ்சள் சோப்பு வாங்கித் தேச்சு இழுங்க. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க. அந்த மனுஷன் மேல மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருக்காரு."

சோப்புத் தேய்த்தால் போகும். அதுதான் கொடுமை. அந்த மஞ்சள் சோப்பை நனைத்துப் பூசி, கீழே ஒருவன் தள்ள மேலே ஒருவன் இழுத்தால் பதினாலு ஒயரும் போகும். போகும்போது எதன் தோலை எது உரித்தது என்று பைப்புக்கு மட்டும் தெரியும்.

"படிக்கட்டுச் சுவர்ல வெளிய ஒரு புது பைப் போட்டுடலாம்" என்றேன். "இருபது ஓட்டை, ஒரு நாள் வேலை."

அவள் முகம் மாறியது. படிக்கட்டுச் சுவர் முழுக்க டைல்ஸ். மூன்றாம் மாடி ராதாமேஸ் நியூயார்க்கிலிருந்து செய்து கொடுத்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்ப் பதினொரு வருடம். டிசம்பரில் வருவான், மூன்று வாரம் ஏசியும் பாட்டுமாக இருந்துவிட்டுப் போவான். அந்தத் தெருவில் படிக்கட்டுக்கு டைல்ஸ் போட்ட கட்டடம் அது ஒன்றுதான்.

"அதுல ஒரு ஓட்டை விழுந்துச்சு, உங்க தலையிலயும் ஒண்ணு விழும்" என்றாள். "ராதாமேஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவளே போனை எடுத்து ராதாமேஸுக்கு வீடியோ போட்டாள். என்னை மாட்டிவிட வேண்டும் என்றுதான் போட்டாள். அவன் ஏதோ ஒரு கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டான். ஃபவுஸ்டோவுக்கு என்ன என்று இரண்டு தடவை கேட்டான்.

"என் இன்வெர்ட்டர் ஒயரைக் கழட்டி அவருக்குக் குடுத்துடுங்க மேஸ்திரி" என்றான். "பூட்டிக் கெடக்குற வீட்டுல எதுக்கு அது? ஒரு கேமரா ஓடுது, அவ்வளவுதான். டோன்யா ஒனெய்டா இருக்கும்போது கேமரா எதுக்கு?"

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. புது ஒயர் வேண்டாம், ஓட்டை வேண்டாம், சோப்பு வேண்டாம். எனக்கு மூச்சு வந்தது. மூடியை மறுபடி மூடிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றிய நினைப்பு. ஃபவுஸ்டோ இரண்டாவதாகத்தான் ஞாபகத்துக்கு வந்தான். உள்ளதைச் சொல்கிறேன்.

ராதாமேஸின் இரண்டு ஒயரையும் கூண்டில் கழற்றி நெரெய்தாவின் இன்வெர்ட்டரில் கொடுத்தேன். மேலே மூன்றாம் மாடி வாசல் பெட்டியில் அதே ஒயரைப் பிடித்து, வெளிச்சுவரில் ஏற்கெனவே இருந்த சின்னப் பைப் வழியாக மொட்டைமாடிக்கு நீட்டினேன். கீழே ஒயரைப் பெட்டிக்குள் மடக்கும்போது ஒரு வாடை வந்தது. யார் வீட்டிலோ சோறு அடிப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பைப் வாயில் தெரிந்த நாலைந்து ஒயரின் தோல் சிவப்பிலிருந்து பழுப்புக்குப் போயிருந்தது. மூடியைப் போட்டு நாலு திருகையும் முறுக்கினேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருவெல்லாம் அந்த வழக்கமான "ஓ" சத்தம். நான் மொட்டைமாடியில் இருந்தேன். மெஷின் ஒரு நொடி தயங்கிவிட்டு உறுமிக்கொண்டே இருந்தது. நெரெய்தா கையில் தயாராக வைத்திருந்த சிலிண்டர் சாவியைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள். ஃபவுஸ்டோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"மேஸ்திரிக்கு... கைராசி" என்றான்.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் அவன் என்னை அறைந்திருக்கலாம். காபி வேண்டாம் என்று சொல்லி இறங்கினேன்.

வீட்டுக்குப் போகவில்லை. கூண்டுக்கு எதிரே கடைசிப் படியில் உட்கார்ந்தேன். சிச்சோ எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, வேலை முடியலையா?" என்றான். "முடிஞ்சுது" என்றேன். "அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?" "கால் வலி." அதில் பாதி நிஜம். மற்றபடி நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். இத்தனை வருடம் அந்தப் பைப்புக்குள் ஓடியது ஏசியும் ஃப்ரிட்ஜும். அது கருகினால் கட்டடம் கருகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கட்டடம் என்று நினைத்தால் மனதில் ஒரு முகமும் வராது. இன்றைக்கு நானே என் கையால் ஒரு மனுஷனின் மூச்சை அதே பைப்புக்குள் விட்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் நாலு மணிக்கே வந்துவிட்டது. "வந்தாச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். முதல் மாடியில் ஏசி, இரண்டாம் மாடியில் ஏசி, எங்கேயோ அயர்ன் பெட்டி. கூண்டில் இன்வெர்ட்டர்கள் எல்லாம் பேட்டரிக்குப் பசியோடு ஊட்ட ஆரம்பித்தன. நான் எழுந்து மூடியில் உள்ளங்கையை வைத்தேன். கால் மணி நேரத்தில் கையை வைக்க முடியவில்லை. அடிப்பிடித்த வாடை மறுபடி வந்தது. இந்தத் தடவை சோறு என்று நினைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மெயினை இறக்கினேன். எல்லா வீட்டு ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மொட்டைமாடிக்குப் போகிற ஒரே ஜோடியை மட்டும் விட்டேன். அந்த ஒற்றை மெஷினைப் பைப் தாங்கும். பிறகு மெயினை ஏற்றினேன். தெரு முழுக்கக் கரண்ட் இருக்க, அந்தக் கட்டடத்தில் நோயாளியின் அறையைத் தவிர எல்லாம் செத்துக் கிடந்தது.

முதலில் இறங்கி வந்தது டோன்யா ஒனெய்டா. பின்னால் இரண்டாம் மாடி வாத்தியார், கையில் பாதித் திருத்திய பரீட்சைத்தாளோடு. சிச்சோ கடையிலிருந்தே வந்துவிட்டான்.

"ஊருக்கே கரண்ட் வந்துடுச்சு, எங்களுக்கு மட்டும் என்ன கேடு?" என்றாள் ஒனெய்டா. "ஃப்ரீசர் நிறையக் கறி இருக்கு மேஸ்திரி."

"நான்தான் நிறுத்துனேன்."

"ஏன்?"

மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "இது தப்பு. ஆறு இல்ல, பன்னெண்டு இருக்கு. இந்தப் பைப்புல ஒம்பதுக்கு மேல போகக் கூடாது. ஒயர் உப்பல. நான் பொய் சொன்னேன்."

வாத்தியார் மூடியை வாங்கிப் பார்த்தார். "பன்னெண்டை ஏன் ஆறுன்னு எழுதுனீங்க?" என்று பையனைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். தூங்குகிற ஒயர்க் கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. சிச்சோ மட்டும், "சரியாத்தானே இருக்கு?" என்றான்.

"இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றாள் ஒனெய்டா.

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஆறு வருஷம் ஆச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "என் மகன் இந்தச் சுவத்துல தலையை ஒட்டி வெச்சுத்தான் படுக்கிறான்" என்றாள். "குளுகுளுன்னு இருக்கும்னு கட்டிலை நான்தான் அங்க போட்டேன். கொஞ்ச நாளா சுவர் சுடுதும்மான்னு சொன்னான். வெயிலுடான்னு சொல்லிட்டேன்."

"பயமா இருந்துச்சு டோன்யா. பேரு போயிடும்னு."

"போயிடுச்சு" என்றாள். மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறிப் போனாள்.

மறுநாள் காலை ஒயரை உருவினோம். முதலில் சிச்சோ மோட்டார் பைக்கில் போய் எங்கிருந்தோ மூன்று சிலிண்டர் கொண்டுவந்தான். ஃபவுஸ்டோவுக்கு அதை மாட்டிவிட்டு மெயினை இறக்கினோம். மேலே ஒருவரும் இல்லை. கீழே நான், வாத்தியார், சிச்சோ மூவரும் ஒயர்க் கட்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தோம். அசையவில்லை. பழைய சோப்பு காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. ஒரு மணி நேரம் இழுத்து, வாத்தியாரின் உள்ளங்கை கிழிந்த பிறகு, பன்னிரண்டும் ஒரே கயிறாகச் சரசரவென்று வந்து விழுந்தது. முதல் மாடி உயரத்தில் பைப் வளைகிற இடத்தில் நாலு ஒயரின் தோல் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒன்றில் விரல் நீளத்துக்குச் செம்பு வெறுமையாகத் தெரிந்தது. பக்கத்து ஒயரின் தோல் அந்த இடத்தில் காகிதம் போல மெலிந்து இருந்தது. அதற்கப்பால் இன்னொரு செம்பு.

ஒனெய்டா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். சிச்சோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

பழைய பைப்புக்குள் இனி ஆறுதான், எண்ணி ஆறு. மிச்சம் ஆறுக்கும் ஃபவுஸ்டோவின் இரண்டுக்கும் புதுப் பைப் வேண்டும். எட்டு ஒயர், அதுவும் ஒன்பதுக்குள்தான். ஆக, டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும். இந்தத் தடவை ஒனெய்டாவே போனைப் போட்டு, கருகிய ஒயரைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். ராதாமேஸ் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தான்.

"எந்த டைல்ஸ்? அந்த மஞ்சள் பூப் போட்டதா? அது என் முதல் பெண்டாட்டி பொறுக்குனது. உடைங்க. நிறைய உடைங்க."

அன்றைக்கே பழைய பைப்பில் புது ஒயர் ஆறை இழுத்து, வேலை முடிகிறவரை அதில் ஒரு ஜோடியை ஃபவுஸ்டோவின் மெஷினுக்குக் கொடுத்தேன். உடைப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. இருபது ஓட்டை என்று நான் சொன்னது இருபத்தாறாக முடிந்தது. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. கூலி வாங்கவில்லை, யாரும் கொடுக்கவும் வரவில்லை. சிச்சோ மட்டும் தினமும் காபி அனுப்பினான். ஒனெய்டா என்னைத் தாண்டிப் போகும்போது "பாத்து" என்பாள். அது எனக்கா டைல்ஸுக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்து, மூடியில் இருந்த எழுத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, "இதில் 6, அதில் 8. இடம் இல்லை" என்று எழுதி மாட்டினேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனபோது மொட்டைமாடியில் இருந்தேன். மெஷின் ஓடியது. நெரெய்தா தட்டில் சோறும் அவரைக் குழம்பும் போட்டு என் மடியில் வைத்தாள். நானும் ஃபவுஸ்டோவுக்கு எதிரே இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உடம்பைக் கிடத்தியிருந்தேன். இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக மனதும் கொஞ்சம் காலியாக இருந்தது. தப்புச் செய்தேன், சொல்லிவிட்டேன், சரியும் செய்துவிட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஃபவுஸ்டோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூடியில... எழுதி வெச்சியாமே" என்றான்.

"ம்."

"வேற எங்க எல்லாம்... அப்படி எழுதியிருக்க?"

கரண்டி பாதி வழியில் நின்றது. மூன்று நாளாக அந்தக் கட்டடத்தில் அத்தனை பேர் அத்தனை கேள்வி கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாமல் இருப்பதில் எனக்கு ஆறு வருடப் பழக்கம் இருந்தது.

"நிறைய" என்றேன்.

"எத்தனை?"

தெருத் தெருவாக மனதுக்குள் நடந்து எண்ணினேன். பேக்கரி மாடி. தையல்கடைச் சந்தில் மூன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஏழு. மழலையர் பள்ளி நடத்துகிற அந்தப் பச்சைக் கட்டடம். அவன் அவசரப்படுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தான்.

"முப்பத்தேழு. ஞாபகத்துல இருக்குற வரைக்கும்."

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் மூன்று மூச்சு இழுத்துச் சேர்த்துக்கொண்டான்.

"அப்ப இங்க... எதுக்கு... உக்காந்திருக்க?"

"சாப்பிடட்டும் விடுங்க" என்றாள் நெரெய்தா. "மூணு நாளா நாய் மாதிரி உழைச்சிருக்காரு."

அவன் யோசித்தான். "சரி" என்றான். "சாப்பிட்டுட்டு... போ."

சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு, பச்சைக் கட்டடத்தில் பிள்ளைகளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவார்கள் என்று நெரெய்தாவிடம் கேட்டேன். நாலு மணி என்றாள். மணி இரண்டே முக்கால். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தேன்.